சித்தார்த்தனின் ஆறும் நந்தனின் நெருப்பும்

மம்சாபுரத்தில் நாங்கள் சிலபேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் படிக்கிறோம். போன கூட்டத்தில் நம்ம தெருப் பையன், கல்லூரி மாணவர், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’ நாவலைப் படித்து எழுதிய கட்டுரை ஒன்றை வாசித்தார். நன்றாகவே எழுதியிருந்தார். அதன் சாரம் இது: சித்தார்த்தன் வீட்டை விட்டான், வேதத்தை விட்டான், துறவிகளை விட்டான், புத்தரையே விட்டான், காசு பணம் பெண்சுகம் எல்லாவற்றையும் விட்டான், கடைசியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தன்னைத் தானே கண்டுகொண்டான். அதுபோல நாமும் சாதி என்கிற சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இருக்கிற உண்மையான ‘நான்’ எது என்று தேடவேண்டும். இயக்கம், கொடி, சிலை, ஊர்வலம் எல்லாம் வெளிவிவகாரம். விடுதலை உள்ளே இருக்கிறது.

கூட்டத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு பெரியவர், ‘இதுதான்யா ஞானம், இந்த வயசுலயே வந்திருக்கு பாரு’ என்று தட்டிக்கொடுத்தார். இயக்கத் தோழர் ஒருவர், ‘வேலையத்த ஐயரு வீட்டுப் பிள்ளை காட்டுக்குப் போன கதை நமக்கு எதுக்குப்பா, தூக்கி அங்கிட்டுப் போடு’ என்றார். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ‘அப்ப நீங்க என்னதான் சொல்றீங்கண்ணே, எழுதிக் கொடுங்க’ என்று பையன் கேட்டார். எழுதிவிட்டேன். அவருக்கு மட்டும் சொல்கிற பதில் இல்லை என்பதால் இங்கே வருகிறது.

முதலில் இந்தப் புத்தகம் நம் கைக்கு வந்த வழியைப் பார்ப்போம். ஹெஸ்ஸே ஜெர்மன்காரர், 1877-இல் பிறந்தவர். அவருடைய தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட் 1836-இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு பாசல் மிஷன் பாதிரியாராகத் தலைச்சேரியில் உட்கார்ந்து மலையாள அகராதி தொகுத்தவர். ஹெஸ்ஸேயின் அம்மா பிறந்ததே தலைச்சேரியில்தான். அப்பாவும் மங்களூரில் மிஷன் வேலை பார்த்தவர். ஆக இந்தியா அவருக்கு வீட்டுக் கதை. 1911-இல் கிழக்கே கப்பல் ஏறினார். இலங்கை, சிங்கப்பூர், சுமத்ரா என்று சுற்றினார். இந்திய மண்ணில் கால் வைக்காமலே திரும்பிவிட்டார். 1922-இல் ‘சித்தார்த்தன்’ வந்தது. 1946-இல் நோபல் பரிசு. 1951-இல் ஆங்கிலத்துக்குப் போன பிறகு, அறுபதுகளில் அமெரிக்க ஹிப்பிப் பிள்ளைகள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். 1972-இல் சசி கபூரை வைத்துப் படமும் எடுத்தார்கள். தமிழில் திருலோக சீதாராம் மொழிபெயர்த்தார்.

தாத்தா பைபிளைக் கொண்டுவந்து இங்கே கொடுத்தார்; பேரன் உபநிஷதத்தைக் கொண்டுபோய் அங்கே கொடுத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் சேரி எந்த இடத்திலும் இல்லை. யுத்தத்தில் நொந்துபோன ஐரோப்பிய மனிதனுக்கு மருந்து தேடி எழுதிய புத்தகம் அது. ஹெஸ்ஸே யுத்த வெறிக்கு எதிராக எழுதித் தன் நாட்டிலேயே வசவு வாங்கியவர். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். என் சண்டை ஹெஸ்ஸேயோடு கால்வாசி; அந்தப் புத்தகத்தைச் சேரிப் பையன் கையில் கொடுத்து ‘நீயும் இப்படித் தேடு’ என்று சொல்கிறவர்களோடு முக்கால்வாசி.

*

நாவலில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் புத்தர். இன்னொருவன் பார்ப்பனரின் மகன். சித்தார்த்தன் என்பது புத்தருடைய பேர் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் நாவலில் அந்தப் பேர் பார்ப்பனர் மகனுக்குப் போய்விட்டது. புத்தருக்குக் கோதமர் என்ற பேர் மட்டும் மிச்சம். அந்தப் பார்ப்பன இளைஞன் சாவத்தியில் ஜேதவனத்துக்குப் போய்ப் புத்தரைப் பார்க்கிறான், பாராட்டுகிறான், அவருடைய போதனையில் ஓர் ஓட்டையைச் சுட்டிக்காட்டுகிறான், ‘எனக்கு உங்கள் சங்கம் வேண்டாம்’ என்று கிளம்பிவிடுகிறான். கடைசியில் அவன் முகத்திலேயே புத்தருடைய புன்னகை வந்து உட்காருகிறது. எதைச் சொல்லி ஞானம் வருகிறது? ‘ஓம்’ என்று. புத்தர் எந்த வேத அதிகாரத்தை மறுத்தாரோ அதன் மந்திரம்.

ஹெஸ்ஸே திட்டம்போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் இது பழைய வேலை. புத்தரை விஷ்ணுவின் அவதாரம் ஆக்கினார்கள். விகாரைகளைக் கோயில் ஆக்கினார்கள். பேரை எடுத்துக்கொள்வதும், பேரை அழிப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு கை. நம்ம மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பேரில் அரசு போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. அந்தப் பேர் எழுதின பஸ்சில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதிக்காரர்கள். கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. முடிவில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலும் எல்லாத் தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது. ஒரு பள்ளர் பேர் பஸ்சின் நெற்றியில் இருக்கக்கூடாது என்பதற்காக அத்தனை பேரும் அழிந்தன. அப்போது பிறந்திராத நம் மாணவர், பேரெல்லாம் மாயை என்று எழுதுகிறார். தம்பி, மாயைக்காக யாரும் பஸ்சைக் கொளுத்தமாட்டான்.

*

சாதிச் சட்டையைக் கழற்று என்கிறார். சட்டை என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறேன்.

நாவலில் சித்தார்த்தன் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் போட்டிருந்த உடுப்பை ஓர் ஏழைப் பிராமணனுக்குக் கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு நடக்கிறான். படிக்கிறவனுக்கு மெய் சிலிர்க்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் வீட்டில் இருக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு தடை பதினொன்றாகக் கூடியது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. அன்றைக்கு நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

பார்ப்பனர் மகன் கோவணம் கட்டினால் துறவு. நம் பாட்டன் கோவணம் கட்டினால் அது ஊர்க் கட்டளை. சட்டை இருக்கிறவன்தான் கழற்ற முடியும். நம் ஆட்களுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டதுதான் ஞானம். அதனால்தான் அம்பேத்கர் சிலை கோட்டுப் போட்டு நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு நிமிர்கிறது. கம்பிக் கூண்டுக்குள் வைத்தாலும் கோட்டு கோட்டுத்தான்.

விரதமும் அப்படியே. சித்தார்த்தன் பதினைந்து நாள் உபவாசம் இருக்கிறான், பிறகு இருபத்தெட்டு நாள். தமிழில் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். சோறு இருந்தும் சாப்பிடாமல் இருந்தால் விரதம். சோறு இல்லாமல் சாப்பிடாமல் இருந்தால் பட்டினி. வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். ஊருக்கு ஒன்றாகாது. விரதம் இருந்தவன் காலில் விழுவார்கள். பட்டினி கிடந்தவனைக் களத்துமேட்டில் நெல் திருடியதாகச் சொல்லிக் கட்டிவைப்பார்கள்.

நான் வங்கியில் கிளார்க். என் ஜன்னலுக்கு முன்னால் நகைக்கடனுக்கும் கல்விக்கடனுக்கும் நிற்கிற வரிசையைத் தினமும் பார்க்கிறேன். நாவலில் சித்தார்த்தன் காமசாமி என்ற பெருவியாபாரியிடம் வேலைக்குப் போகிறான். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், யோசிப்பேன், காத்திருப்பேன், உபவாசம் இருப்பேன் என்கிறான். உலகம் முழுக்க மேற்கோள் காட்டிக் கொண்டாடுகிற இடம் இது. ஆனால் காமசாமி அதற்காக வேலை கொடுக்கவில்லை. எழுதத் தெரியுமா என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக்காட்டச் சொல்லி, எழுத்தைப் பார்த்த பிறகுதான் மதிக்கிறான். அந்த எழுத்து பார்ப்பனர் வீட்டில் வேதத்தோடு வந்த எழுத்து. காத்திருக்கவும் பட்டினி கிடக்கவும் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்றால் இந்த நாட்டின் அத்தனை வங்கிகளுக்கும் சக்கிலியரும் பறையரும் பள்ளரும்தான் மேனேஜராக இருக்கவேண்டும். ஆயிரம் வருஷ அனுபவம் இருக்கிறது நமக்கு.

இன்னொரு இடம். காமசாமி அவனை ஒரு கிராமத்துக்கு நெல் கொள்முதலுக்கு அனுப்புகிறான். போய்ச் சேர்வதற்குள் நெல்லை வேறொரு வியாபாரி வாங்கிவிட்டான். சித்தார்த்தன் கவலைப்படவில்லை. குடியானவர்களோடு சிரித்துப் பேசி, குழந்தைகளுக்குக் காசு கொடுத்து, சில நாள் தங்கிச் சந்தோசமாகத் திரும்புகிறான். பற்றில்லாத மனசு என்று விளக்கம் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த நெல்லை நட்டது யார், அறுத்தது யார், அந்த ஊரின் காலனி எந்தப் பக்கம் இருந்தது? நாவலில் அந்தத் தெரு இல்லை. நட்டவள் இல்லை. செத்த மாட்டைத் தூக்கினவன் இல்லை. குப்பை கூட்டினவன் இல்லை. அறிவு தேடிப் போகிறவனின் பாதையை யாரோ கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அவன் வாழ்நாள் முழுக்கத் தேடவில்லை.

நம் மாணவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் அறையில் உட்கார்ந்து ‘நான் யார்’ என்று எழுதுகிற நேரத்தில் அவருடைய அக்கா ராஜபாளையம் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறார். அவருடைய தேடலுக்குச் சம்பளம் கட்டுவது அக்காவின் தூக்கம். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. தேடலுக்கு ஒரு பொருளாதாரம் உண்டு, அதை மறைக்கிற ஆன்மிகம் பொய் என்பதற்காக எழுதுகிறேன்.

*

ஆற்றுக்கு வருவோம். நாவலே ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. அங்கேதான் முடிகிறது. வாசுதேவன் என்ற ஓடக்காரன் ஆற்றிடம் கேட்கக் கற்றுக்கொடுக்கிறான். ஆறு பேசுகிறது, பார்ப்பனர் மகன் கேட்கிறான். கைக்கு உழைப்பு கொடுக்கிற ஒரே மனிதன் அந்த வாசுதேவன்தான். அவனும் பாடம் சொல்லிக்கொடுத்த வேலை முடிந்ததும் காட்டுக்குள் போய் மறைந்துவிடுகிறான்.

நான் பிறந்த ஊரில் கண்மாய் உண்டு. ஊராருக்கு ஒரு படித்துறை, மாட்டுக்கு ஓர் இறக்கம், அதற்கும் கீழே நமக்கு. தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும். சாதியும் அதே வாட்டத்தில் வரும். அந்தக் கரையில் யாரும் ஞானம் பெற்றதாகத் தெரியவில்லை. அடி வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆறு எல்லாருக்கும் பேசும் என்று எழுதுவது சுலபம். கரையில் உட்கார விட்டால்தானே அது பேசுவது கேட்கும்?

1927 மார்ச் 20-இல் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஹெஸ்ஸே நாவல் வந்து அப்போது ஐந்து வருஷம். ஒரே காலத்தில் இரண்டு நீர்க்கரைகள். ஒன்றில் ஒரு தனி மனிதன் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறான். இன்னொன்றில் ஆயிரக்கணக்கான பேர் தண்ணீரைத் தொடுகிறார்கள், தொட்டதற்கு அடி வாங்குகிறார்கள், குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றிச் சுத்தம் செய்கிறார்கள் சனாதனிகள். எது ஆன்மிக அனுபவம்? நான் மகாடு என்பேன். தண்ணீரைத் தொட்ட கணத்தில் நான் மனுசன் என்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தன்னை அறிதல் என்றால் அதுதான்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று தலித்துகள் மேலேயே. மக்களும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தார்கள். அந்தத் தொட்டித் தண்ணீர் என்ன பேசியது என்று எந்த ஞானி வந்து கேட்டான்?

இந்த இடத்தில் மாணவர் படிக்கவேண்டிய இன்னொரு சித்தார்த்தன் இருக்கிறான். அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’, அவர் இறந்த மறு வருஷம் 1957-இல் வந்தது. பெரியார்தாசன் தமிழில் தந்திருக்கிறார். கிழவன், நோயாளி, பிணம், துறவி என்று நாலு காட்சி கண்டு சித்தார்த்தன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போன கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயசு வரைக்கும் ஒருவன் கிழவனையே பார்க்காமல் இருப்பானா என்பது அவர் கேள்வி. அவர் சொல்கிற காரணம் ரோகிணி ஆறு. சாக்கியருக்கும் கோலியருக்கும் ஆற்றுத் தண்ணீரில் தகராறு. சங்கம் கூடி யுத்தம் என்று தீர்மானம் போடுகிறது. சித்தார்த்தன் எதிர்க்கிறான். பெரும்பான்மை அவனுக்கு எதிராகப் போகிறது. யுத்தத்தில் சேர், அல்லது தூக்கோ நாடு கடத்தலோ ஏற்றுக்கொள், அல்லது உன் குடும்பத்தை ஊர்விலக்கம் செய்து நிலத்தைப் பறிமுதல் செய்வோம் என்கிறார்கள். குடும்பத்தைத் தொடாதீர்கள், நான் போகிறேன் என்று கிளம்புகிறான். துறவு என்பது அங்கே ஓர் அரசியல் தண்டனை. யுத்தத்துக்கு எதிரான ஒருவனின் வெளியேற்றம். ஊர்க் கட்டுப்பாடு, விலக்கம், பறிமுதல் என்ற சொற்கள் நமக்கு அகராதி பார்த்துப் புரிகிற சொற்களா?

இரண்டு நாவலிலும், நாவல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆறு இருக்கிறது. ஹெஸ்ஸேயின் ஆறு அழகானது. அம்பேத்கரின் ஆறு யாருக்கு என்று கேட்கப்பட்ட ஆறு.

*

பார்ப்பனர் மகன் தேடிப் போனால் ஆறு கிடைக்கிறது. பறையன் தேடிப் போனால் என்ன கிடைத்தது? தமிழில் அதற்குக் கதை உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய திருநாளைப்போவார். ஆதனூர் நந்தன் தில்லைக்குப் போகவேண்டும் என்று தவிக்கிறான். நாளைப் போவேன் நாளைப் போவேன் என்றே நாள் போகிறது. கடைசியில் போகிறான். வாசலோடு நிற்கிறான். தீக்குள் இறங்கி எழுந்தால் உள்ளே வரலாம் என்று ஏற்பாடு ஆகிறது. இறங்குகிறான். பூணூலும் சடைமுடியுமாக எழுந்து வருகிறான் என்கிறது புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனையாக்கி, புராணத்தில் இல்லாத ஒரு வேதியர் பண்ணையாரையும் சேர்த்து, ஊர் ஊராக அழவைத்தார்.

வெந்த பறையனும் எழுந்த பார்ப்பானும் ஒரே ஆளா என்று எந்த ரசிகரும் கேட்கவில்லை. அயோத்திதாசர் கேட்டார். நந்தன் பக்தன் இல்லை, பௌத்த அரசன், சூழ்ச்சியில் வீழ்த்தப்பட்டவன் என்று கதையைப் புரட்டிப் போட்டார். சரித்திரப் பேராசிரியர்கள் ஆதாரம் கேட்கலாம். நமக்கு அங்கே முக்கியம், எரிக்கப்பட்டவனின் பக்கம் நின்று ஒருவர் கதையைத் திருப்பி வாசித்தார் என்பது.

அயோத்திதாசரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் சித்தார்த்தனைப் பற்றிப் பேசுவது நம் மாணவரின் குற்றம் இல்லை. அவருக்குப் பாடம் சொன்னவர்களின் குற்றம். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியவர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை. அதில் அவர் தொடராக எழுதியது ‘புத்தரது ஆதிவேதம்’. அவர் இறந்தது 1914. அதாவது ஹெஸ்ஸே தன் சித்தார்த்தனை எழுதுவதற்கு முன்னாலேயே தமிழ்நாட்டில் ஒரு பறையர் தன் சித்தார்த்தனை எழுதி முடித்துவிட்டார். அதைக் கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்த தொழிலாளிகள் படித்துச் சங்கம் வைத்தார்கள். ஹெஸ்ஸேக்கு நோபல் வந்தது. அயோத்திதாசருக்கு மறதி வந்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையில் வெளியான பிறகுதான் நாம் அவரைத் திரும்பக் கையில் எடுத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாளையங்கோட்டை எவ்வளவு தூரம்? ஜெர்மனி எவ்வளவு தூரம்?

புத்தருடைய சங்கத்திலேயே ஹெஸ்ஸே பார்க்காத ஆட்கள் இருந்தார்கள். சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் துறவு கொடுக்கப்பட்ட நாவிதர் உபாலி. குப்பை கூட்டிய சுனீதர். அதே சாவத்தியில், ஆனந்தர் தண்ணீர் கேட்டபோது ‘நான் சண்டாளப் பெண், எப்படித் தருவேன்’ என்று தயங்கிய பிரகிருதி. சாதியைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்டேன் என்கிறார் ஆனந்தர். இவர்கள் யாரும் சங்கத்தை விட்டுத் தனியாகக் கிளம்பவில்லை. கிளம்பி எங்கே போவார்கள்? பார்ப்பனர் மகனுக்குச் சங்கம் ஒரு கட்டுப்பாடு. சுனீதருக்குச் சங்கம்தான் முதல் வீடு. அமைப்பு வேண்டாம், போதனை வேண்டாம், தனியாகத் தேடுவேன் என்று சொல்கிற வசதி யாருக்கு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ் பௌத்தமும் உள்ளே பார் என்று நிறுத்தவில்லை. மணிமேகலை துறந்தாள். துறந்து எங்கே போனாள்? அமுதசுரபியோடு பசித்தவர்களிடம் போனாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். அந்தப் பாத்திரத்தை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன், யாகத்துக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துக் கொண்டுபோனதற்காகப் பார்ப்பனர்களிடம் அடிபட்டு, பிறப்பைச் சொல்லி இழிவு செய்யப்பட்டவன். இதுதான் நம் ஊர்த் தன்னறிதல். பசியிலிருந்து தொடங்குகிறது.

*

சரி, இது போதும். நம் பக்கத்திலேயே எழுதப்பட்டதைப் பார்ப்போம். மம்சாபுரத்துப் பையன் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டே வடக்கே போனால் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. சதுரகிரிக்கு அமாவாசை தோறும் ஞானம் தேடிப் போகிற கூட்டம் அந்தப் பக்கமாகத்தான் பஸ் பிடிக்கிறது. அந்தப் புதுப்பட்டியிலிருந்துதான் 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. ஆன்மிகத் தேடல் புத்தகம் என்றால் அதுதான். ஒரு பெண் கடவுளுக்கும் ஏழைகளுக்கும் வேலை செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். மடத்துக்குள்ளேயும் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். வெளியே வருகிறாள். வெளியே வந்தவளுக்கு ஆறும் இல்லை, ஓடக்காரனும் இல்லை. வேலை இல்லை, கையில் காசு இல்லை, ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது. அந்த வெறுங்கையோடு உட்கார்ந்து எழுதுகிறாள். அதில் சின்ன வயசில் ஒரு காட்சி. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார், தன் கை பொட்டலத்தில் படாமல். பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணன் விளக்கம் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அந்தத் தெருவில் கிடைத்த பதில் அது. ஆயிரம் தியானத்தில் கிடைக்காது.

அதே புதுப்பட்டிதான் ராஜ் கௌதமனுக்கும். 2024-இல் அவரை இழந்தோம். அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் படித்த பையன் ஒருவன் வேலைக்கு அலைகிறான். கிறிஸ்தவத் தலித் என்பதால் சலுகைக் கதவு மூடியிருக்கிறது. கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். சித்தார்த்தன் மதங்களைக் கடந்து ஞானம் அடைகிறான். சிலுவை மதத்தைக் கடந்து சர்டிபிகேட் வாங்குகிறான். இரண்டாவதைப் படித்தால் சிரிப்பு வரும், பிறகு தொண்டை அடைக்கும். நம் பையன்களின் தேடல் இப்படித்தான் தாசில்தார் ஆபீஸ் வாசலில் முடிகிறது.

*

இனி, புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொன்ன தோழருக்கு.

தோழர், நீங்கள் சொன்னதுதான் ஆபத்தானது. 1931-இல் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது என்று தடை போட்டவன் பேச்சை வேறு வார்த்தையில் நாம் பேசக்கூடாது. நம் பையன் ஹெஸ்ஸேயைப் படித்துப் பத்துப் பக்கம் எழுதினான் என்பதே அந்தத் தடையின் நெஞ்சில் விழுந்த அடி. கலெக்டர் ஆபீஸ் மனுவும் துண்டறிக்கையும் மட்டும்தான் நமக்கு இலக்கியமா? ஆற்றங்கரையில் சும்மா உட்கார நமக்கு ஆசை இருக்காதா? காதல், சாவு, தனிமை, மகன் விட்டுப்போன துக்கம், இதெல்லாம் மேல்சாதிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா? ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியில் உயிரை விட்டார். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. நட்சத்திரங்களை நேசித்தவர். பிறப்பைத் தாண்டி அவரை ஒரு மனமாகப் பார்க்க அந்த நிறுவனத்துக்குக் கண் இல்லை. அவரை வெளியே நிறுத்தியது அதிகாரம். உள்ளுக்குள் கனவு வைத்திருந்ததற்காக நாமும் நம் பிள்ளைகளை வெளியே நிறுத்தவேண்டாம். அவர்களுக்கு உள்ளே ஒரு உலகம் வேண்டும். அதுவும் உரிமைதான்.

ஆனால் அந்த உள் உலகத்தைக் காட்டி வெளி உலகத்தைப் பூட்டுகிறவர்களை விடக்கூடாது. 2007-இல், அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடியின் பேச்சுகள் ‘கர்மயோக்’ என்று நூலாக வந்தன. தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு வேலை செய்தவர்கள் பிழைப்புக்காக மட்டும் அதைச் செய்திருக்க மாட்டார்கள், அதில் ஒரு ஆன்மிக அனுபவம் இருந்திருக்கும் என்கிற பொருளில் அதில் பேச்சு இருந்தது. தமிழ்நாட்டிலும் எதிர்ப்பு எழுந்தது. மனிதனைக் கொண்டு மலம் அள்ளக்கூடாது என்று 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்ட நாடு இது. ஆன்மிகம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? ஆற்றில் கேட்ட ‘ஓம்’ கடைசியில் மலக்குழி வரைக்கும் இறங்கி, அங்கே நிற்கிறவனிடம் ‘உன் வேலையும் தியானம்’ என்கிறது.

கல்லூரி கல்லூரியாக யோகா, தியானம், ஆளுமை வளர்ச்சி என்று வகுப்பு எடுக்கிறார்கள். மூச்சை இழு, விடு, உன்னைக் கவனி என்கிறார்கள். அதே தென் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கு ஒரு கலர் கயிறு கட்டிக்கொண்டு போகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றைத் தடை செய்யுங்கள் என்றது. அந்தப் பிள்ளைகளுக்கு ‘நான் யார்’ என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே கட்டியிருக்கிறது. அதை அவிழ்க்காமல் மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்கிற குரு யாருக்கு வேலை பார்க்கிறான்?

தம்பி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹெஸ்ஸேயைத் திரும்பவும் படியுங்கள். அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று நிச்சயம் இருக்கிறது. எந்தக் குருவையும், புத்தரையே ஆனாலும், கேள்வி கேட்காமல் ஏற்காதே என்கிறார். அதை அவரிடமிருந்தே தொடங்குங்கள். இந்த ஆற்றங்கரையில் எனக்கு இடம் உண்டா என்று அவரைக் கேளுங்கள். பக்கத்தில் ஆதிவேதத்தையும், புத்தரும் அவர் தம்மமும் நூலையும், கருக்கையும், சிலுவைராஜையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். அம்பேத்கரும் தேடினவர்தான். இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அறிவித்தது 1935. நாக்பூரில் தம்மம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இடையில் இருபத்தொரு வருஷம். இவ்வளவு நீண்ட ஆன்மிகத் தேடலை எந்த நாவலில் படித்தீர்கள்? தேடி முடித்தபோது அவர் தனியாக ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. இலட்சக்கணக்கானவர்களோடு நின்றிருந்தார்.

அடுத்த கூட்டத்துக்குள் இரண்டாவது கட்டுரை எழுதுங்கள். அதில் சித்தார்த்தன் கடந்துபோன கிராமத்தில் நெல் அறுத்தவளைப் பேசவிடுங்கள். அவள் பேரையும் கண்டுபிடியுங்கள்.